நூலகத்தின் ஒரே சீனப் பெண்மணி

பிறருக்குச் சேலை கட்டிவிடும் வித்தை மட்டும் புஷ்பராணிக்குக் கைவராமல் போயிருந்தால், இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது.

கூத்து நடந்தது ஒரு பல்கலைக்கழக நூலகத்தில். பெயர் எதற்கு? சிங்கப்பூரில்தான் இருக்கிறது, தேடிப் போனால் கண்டுபிடித்துவிடலாம். புத்தகங்களைப் பட்டியலில் ஏற்றும் பிரிவில் புஷ்பராணி வேலைக்குச் சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது கறுப்பு முடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அப்பாவும் குமாஸ்தா. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து காகிதத்தோடு மல்லுக்கட்டுவது அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே ஊறியது. ஆங் மோ கியோ வீட்டில் தனியாக இருந்தாள். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "அட போங்கலா, அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்பாள். ஓய்வு பெறும் வயதில்!

அத்தனை பெரிய நூலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த நிரந்தர நூலகர் அவள் ஒருத்திதான். கேட்பதற்குப் பெருமையாக இருக்கும். அனுபவித்தால்தான் தெரியும். ஒருமுறை மூட்டுவலிக்காக நீண்ட விடுப்பில் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த தமிழ்ப் புத்தகங்களையெல்லாம் கூட வேலை செய்பவர்கள் நல்ல மனதோடு பட்டியலில் ஏற்றி வைத்திருந்தார்கள். 'தமிழ்ப் புத்தகம், சிவப்பு அட்டை.' 'தமிழ்ப் புத்தகம், தடியானது.' 'தமிழ்ப் புத்தகம், முன்னால் மாடு.' மாடு போட்ட புத்தகம் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பற்றியது. அதைத் தேடி வந்த ஆராய்ச்சி மாணவர் கால்நடைப் பிரிவில் கண்டெடுத்தார்.

ஃபேரர் பார்க் பக்கம் பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்கள் கொடுத்துவிட்டுப் போன தமிழ்ப் புத்தகங்கள் வேறு அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. புஷ்பராணிக்கு வருஷக் கடைசியில் ஓய்வு. அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை யார் பிரித்துப் படிப்பது?

ஒரே நம்பிக்கை ரக்ஷனா. பிடோக்கிலிருந்து வரும் பெண். நூலகப் படிப்பை முறையாக முடித்தவள், தமிழில் புலி. என்ன பிரயோஜனம்? ஒப்பந்த வேலை. புஷ்பராணி ஓய்வு பெறும் அதே மாதம் அவள் ஒப்பந்தமும் முடிகிறது. நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாகப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த நாற்காலியில் ரக்ஷனாவை உட்கார வைத்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். புஷ்பராணி வேண்டியது அதை மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து, நூலகத் தலைவர் டாக்டர் குவெக் எல்லாரையும் கூட்டி வைத்து ஆங்கிலத்தில் உருகினார்.

"நூலகர்கள் என்றாலே எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறோம். இது மாற வேண்டும். எல்லா இனத்தவரும் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். எந்த இனம் குறைவாக இருக்கிறதோ, அடுத்த நிரந்தர இடம் அந்த இனத்துக்குத்தான்!"

புஷ்பராணி கை வலிக்கத் தட்டினாள். பக்கத்தில் இருந்த ரக்ஷனாவின் தொடையில் கிள்ளி, "உனக்குத்தான், பாத்துக்கோ" என்றாள்.

திட்டத்தை நடத்த இர்ஃபான் என்ற மலாய் இளைஞன் பொறுப்பேற்றான். சுறுசுறுப்பான பையன். ஆனால் முதல் படியிலேயே இடறினான். இப்போது எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! ஆளைப் பார்த்து 'நீ என்ன இனம்' என்று கேட்பது நாகரிகம் இல்லையாம். பணியாளர் கோப்பைத் திறப்பது தனியுரிமைக்குக் கேடாம். அதனால் ஒரு மென்பொருள் வாங்கினார்கள். புகைப்படத்தைக் கொடுத்தால் போதும், யார் யார் என்ன இனம் என்று யார் மனதையும் நோகடிக்காமல் சொல்லிவிடும்.

எல்லாரும் இருக்கிற புகைப்படம் நூலகத்தில் ஒன்றுதான் இருந்தது. இன நல்லிணக்க நாளில் எடுத்தது.

இந்த ஊரில் அந்த நாளின் வழக்கம் தெரிந்ததுதானே. ஒருவர் உடையை மற்றவர் போட்டுக்கொள்வார்கள். அன்று காலை புஷ்பராணி தேக்கா சந்தைக்குப் போய் மல்லிகைப் பூவும் ஒட்டுப்பொட்டும் வாங்கி, வீட்டிலிருந்த சேலைகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்திருந்தாள். பெண்கள் கழிவறை வாசலில் வரிசை நின்றது. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சீனப் பெண்ணுக்கும் கொசுவம் வைத்து, தலைப்பு விட்டு, பூ சூட்டி அனுப்பினாள். அரைகுறையாக எதையும் செய்து பழக்கமில்லை அவளுக்கு. ஆண்களை, ரக்ஷனா முந்தின நாளே கொடுத்துவிட்டுப் போன அவள் அண்ணனுடைய வேட்டிகளில் சுற்றி, நெற்றியில் விபூதியும் பூசிவிட்டாள். இர்ஃபானுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டுக் கட்டினாள். பதிலுக்கு, பக்கத்து மேசை ஹுய் லிங் தன் சிவப்புச் சோங்சாமை, உடம்பை ஒட்டிப் பிடிக்கும் அந்தச் சீன கவுனை, அவளுக்குக் கொடுத்திருந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் அதற்குள் நிற்க முடியும். ரக்ஷனாவுக்கு அன்று காய்ச்சல், வரவில்லை.

மென்பொருள் அந்தப் படத்தை மென்று விழுங்கி முடிவைத் துப்பியது. இந்தியர்கள் ஏராளம். மலாய்க்காரர்கள் கொஞ்சம். சீனர் ஒருவர்.

டாக்டர் குவெக்குக்கு அதிர்ச்சி. "சீனர்கள் முக்கால்வாசி இருக்கிற நாட்டில், நம்மிடம் ஒரே ஒரு சீனரா? யார் அவர்?"

இர்ஃபான் படத்தைப் பெரிதாக்கினான். சிவப்புச் சோங்சாமில் மூச்சைப் பிடித்தபடி புஷ்பராணி நின்றாள்.

இதைச் சொன்னது வேறு யாராக இருந்தாலும் டாக்டர் குவெக் சிரித்திருப்பார். அவரும் சீனர்தானே, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறார்தானே! ஆனால் சொன்னது பெரிய விலை கொடுத்து வாங்கிய மென்பொருள். அறிக்கை மேலிடத்துக்கும் போய்விட்டது. வேட்டியில் நின்ற தன் படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தரவு என்ன சொல்கிறதோ, அதுதான்" என்றார்.

ரக்ஷனா போட்டிருந்த விண்ணப்பத்துக்கு உடனே பதில் வந்தது. இந்தியர்கள் தேவைக்கு மேல் இருப்பதால், வருந்துகிறோம்.

"அக்கா, இந்த லைப்ரரில உங்களையும் என்னையும் விட்டா இந்தியர்னு யாரு இருக்கா?" என்று கேட்டவளுக்குக் கண்ணீர் முட்டியது.

புஷ்பராணி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கட்டிவிட்ட சேலை! ஒரு மடிப்புக் கலைந்திருந்தால், ஒரு பூ சரிந்திருந்தால்கூட இந்தப் பெண் பிழைத்திருப்பாளே! தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

விடுவிடுவென்று டாக்டர் குவெக் அறைக்குப் போனாள். "நான் சீனப் பெண் இல்லை. நான் தமிழ்."

"நீங்கள் அப்படி உணர்வதை மிகவும் மதிக்கிறேன், புஷ்பா" என்றார் அவர்.

அவள் விடவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, படம் எடுத்தது எந்த நாள், யார் யாருக்கு யார் உடுத்திவிட்டது என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். அவர் கடைசியில் இறங்கி வந்தார். சரி, எல்லாரும் அவரவர் வழக்கமான உடையில் வாருங்கள், மறுபடி எடுப்போம்.

வழக்கமான உடை என்றால் இந்த ஊரில் என்ன? எல்லாரும் நூலக ஆண்டு விழாவுக்குக் கொடுத்த நீல டீ-சட்டையில் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, குளிருக்கு மேலே ஒரு சாம்பல் ஸ்வெட்டர், மூக்கில் கண்ணாடி. படத்தில் ஒப்பந்தக்காரர்கள் நிற்கக் கூடாது என்று ரக்ஷனாவை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். மென்பொருள் நெடுநேரம் யோசித்தது. பிறகு சொன்னது: எல்லாரும் 'மற்றவர்கள்', அதாவது இந்த ஊர்க் கணக்கில் மூன்று இனத்திலும் சேராதவர்களைப் போடுகிற நாலாவது கட்டம்.

சீனர் யாரும் இல்லை. மலாய்க்காரர் யாரும் இல்லை. இந்தியர் யாரும் இல்லை.

டாக்டர் குவெக் நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை வருஷம் ஒரு இந்தியர்கூட இல்லாமலா நூலகம் நடத்தினேன்!" அவர் குரல் உண்மையிலேயே கம்மியது. பிறகு எதிரே நின்ற புஷ்பராணியைப் பார்த்தார். "ஆனால் நீங்கள் தமிழ் என்று அன்றைக்குச் சொன்னீர்களே? அப்படியென்றால் ஒருவர் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளலாமா?"

இர்ஃபான் குறுக்கே வந்தான். "ஒருவர் இருந்தால் விதிப்படி அவசரம் இல்லை, டாக்டர். சீனர், மலாய்க்காரர் பக்கம் போகலாம். யாருமே இல்லையென்றால்தான் உடனடி நியமனம். தமிழ்ப் பெண் ஒருத்தி விண்ணப்பித்தும் இருக்கிறாள்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரக்ஷனா அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பராணி அவளையே பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் தமிழச்சியாகவே வந்து, தமிழச்சியாகவே உட்கார்ந்து, தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்து, பொங்கலுக்கு விளக்கம் சொல்லி, ஒரு ஆயுளையே கழித்திருக்கிறாள். 

"இல்ல டாக்டர்" என்றாள். "மென்பொருள் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் மற்றவர்கள்தான்."

வேலை அன்றே ரக்ஷனாவுக்குக் கிடைத்தது. விஷயம் தெரிந்ததும் அவள் சண்டைக்கு வந்தாள். "உங்கள இல்லன்னு சொல்லி எனக்கு ஒரு வேலையாக்கா? எனக்கு வேணாம்!"

"வாய மூடு. அடித்தளத்துல இருக்கற பெட்டிய எல்லாம் மாடுன்னு எழுதிருவாங்க. நீ உக்காரு."

அடுத்த வாரம் சுவரொட்டிக்குப் படம் எடுக்க வந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் முதல் தமிழ் நூலகர்' என்று போடப் போவதாக இர்ஃபான் பூரிப்போடு சொன்னான். ரக்ஷனாவுக்குச் சேலை கட்டிவிட்டது யார் என்று சொல்லவும் வேண்டுமா? மடிப்புக் கலையாமல், பூ சரியாமல், அன்றைக்கும் அரைகுறை வைக்கவில்லை புஷ்பராணி. தலைப்பில் ஊசியைக் குத்திவிட்டு, மிஞ்சிய ஒரு ஊசியோடு நிமிர்ந்தபோது படம் எடுக்கிறவர், "ஆண்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நீங்க படத்துல விழுறீங்க" என்றார்.

அவள் தள்ளினாள். ஆனால் ரக்ஷனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புஷ்பராணி இழுத்துப் பார்த்தாள், அவள் விடவில்லை. படம் எடுக்கிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே எடுத்தார். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

முடிந்தவரை வெட்டினார்கள். நூலக வாசலில் இன்றைக்கும் அந்தச் சுவரொட்டி இருக்கிறது. பட்டுச் சேலையில் ரக்ஷனா சிரிக்காமல் நிற்கிறாள். ஓரத்தில் அவள் கையை இறுகப் பற்றியபடி, மணிக்கட்டோடு முடிந்துபோகிற இன்னொரு கை. ஒற்றை வளையல், விரல் நுனியில் ஒரு சேலை ஊசி. அறிக்கைக்காக இர்ஃபான் அந்தப் படத்தையும் மென்பொருளுக்குக் கொடுத்திருந்தான். இந்தியர் ஒருவர் என்று சொன்னதாம். கையைக் கணக்கில் சேர்க்கவில்லையாம்.