செருப்புக் கொட்டகைச் சட்டமும் பள்ளிக்கூடத்து சர்வரும்

பழனி அடிவாரத்தில் செருப்புப் பாதுகாக்கும் கொட்டகையில் வளர்ந்தவர் ஞானவேல். மனிதர்களை முகம் பார்த்து எடைபோட அவருக்குக் கடைசிவரை வரவில்லை. கணுக்காலுக்குக் கீழே என்றால் ஆளையே படித்துவிடுவார். அப்பா நாச்சிமுத்துவின் கொட்டகையில் இரண்டே சட்டம். டோக்கன் இல்லாமல் செருப்பு கிடையாது, மந்திரியே வந்தாலும். டோக்கனைத் தொலைத்தவன் கடைசியில் வரவேண்டும். எல்லாரும் எடுத்துப் போனபின் மிஞ்சிக் கிடக்கும் ஜோடி அவனுடையது. மலைமேல் இருப்பவர் கோவணத்தோடு நிற்பவர். அவர் இதில் தலையிட்டதே இல்லை.

எழுபத்தைந்தில் பி.எஸ்சி. கணக்கு முடித்து, கொடைக்கானல் நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு விடுதிப் பள்ளியில் குமாஸ்தா ஆனார். எண்பத்தெட்டில் பள்ளிக்கு நாலு கம்ப்யூட்டர்களும், அவற்றின் ஃபைல்களை ஒரே இடத்தில் வைக்கிற சர்வரும் வந்தன. மதுரைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவந்த பாவத்துக்கு ஞானவேலே பொறுப்பாளர்.

சர்வருக்குள் நுழைய ஆளுக்கொரு பெயர் கொடுத்தார், பாஸ்வேர்டும் கொடுத்தார். ஆனால் சர்வரோடு கூடவே பிறந்த ‘கெஸ்ட்’ என்றொரு பெயர் இருந்தது. அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. யாரும் அந்தப் பெயரைத் தட்டி உள்ளே போகலாம், எதையும் போட்டுவைக்கலாம். ஒரே மாதத்தில் பள்ளி மொத்தமும் கெஸ்ட் ஆகிவிட்டது. சர்வர் சீசன் நேரத்து ஏரிக்கரை மாதிரி ஆனது.

அரையாண்டு மார்க்கைச் சேமிக்கும்போது டிஸ்கில் இடமில்லை என்று சர்வர் கைவிரித்தது. டைப்பிஸ்ட் தமயந்தி அடித்த அத்தனையும் போச்சு. நிர்வாகி திருமலைச்சாமி ஞானவேலைக் கூப்பிட்டார்.

“இடத்தை அடைச்சவன் யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுய்யா. இல்லேன்னா எறங்கிப் போயி உங்கப்பன் சோலியப் பாரு.”

ஞானவேல் தேடினார். குப்பை முழுக்க ஒரே உரிமையாளர்: கெஸ்ட்.

“ஊரே ஒரே பேர்ல வந்துட்டுப் போயிருக்கு. யாரைண்ணே புடிப்பீங்க?” என்றாள் தமயந்தி.

“நான் எதுக்குத் தங்கச்சி புடிக்கணும்? தானா வருவான்.”

அன்றே கெஸ்ட் பெயரை எடுத்தெறிந்தார். சோம்பேறித்தனமாகப் பாஸ்வேர்டு இல்லாமல் கிடந்த மற்ற பெயர்களையும் பூட்டினார். சொந்தப் பெயரைச் சொல்லி அவரவர் ஃபைலை வாங்கிக்கொள்ளலாம், வெள்ளி மாலை மிஞ்சுவது அழிக்கப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்.

வந்தார்கள். அறிவியல் ஆசிரியர் கல்யாணத் தரகுக்கு வைத்திருந்த ஜாதகங்களைக் கேட்டார். விடுதிக் காப்பாளர் பொன்னுச்சாமி, எதிர்வீட்டுக்காரர் மேல் அடித்துவைத்த மொட்டைக் கடுதாசிக்குச் சொந்தப் பெயர் சொல்லி, நன்றியும் சொல்லி வாங்கிப்போனார்.

வெள்ளி மாலை பார்த்தால் டிஸ்கில் பெரும்பகுதி அப்படியே கிடந்தது. எல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டுகள்.

திருமலைச்சாமி கம்ப்யூட்டர் அறை வாசலைக் கடந்தார். திரும்பி வந்து, மழை வருமா என்றார். போய்விட்டு மறுபடி வந்து, டீ வந்ததா என்றார். ஞானவேல் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பளபளக்கும் ஷூவுக்குள் இருந்த கால்கள், சுடுகல்லில் செருப்பைத் தேடும் பக்தனைப்போல ஒன்றை ஒன்று உரசிக்கொண்டிருந்தன.

“ஆளு கெடைச்சானாய்யா?”

“ஒரு ஜோடிதான் மிச்சம் சார். அழிச்சிரட்டுமா?”

“இருய்யா! அவசரப்படாத. முக்கியமானது ஏதும் இருந்துச்சுன்னா?”

“என்ன முக்கியம் சார்? எவனோ ராஜகுமாரியக் காப்பாத்த ராத்திரி பகலா கோட்டைக்குள்ள அலைஞ்சு, பதினோராவது கட்டம் வரைக்கும் போயிருக்கான்.”

“பன்னெண்டு,” என்றார் திருமலைச்சாமி.

தமயந்தியின் டைப்ரைட்டர் நின்றது. அவள் மஃப்ளருக்குள் இருமினாள். இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

“பேரச் சொல்லுங்க சார்,” என்றார் ஞானவேல் பணிவாக. “டோக்கன் இல்லாம எடுத்துக் குடுக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்ல.”

நிர்வாகி தன் பெயரைச் சொன்னார், இனிஷியலோடு. ஞானவேல் ராஜகுமாரியை ஒரு ஃப்ளாப்பியில் இறக்கிக் கையில் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் துடைத்தார். மார்க்குக்கு இடம் வந்தது. அடிவாரம் போகச் சொன்ன பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமயந்தி மறுபடி மார்க் அடித்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்தவர் திருமலைச்சாமி.

“வெரசா வாசிங்க சார்,” என்றாள் அவள். “கோட்டைக்குள்ள ஓடுனீங்கள்ல, அந்த வேகத்துல.”