நம்பர் இல்லாத எஞ்சினும் நாலரை மணி ராகுகாலமும்

பழைய கார் மெக்கானிக்கிடம் எல்லாரும் யோசனை கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் இஷ்டப்படிதான் செய்வார்கள். பழைய வண்டியோடு மல்லுக்கட்டும் சொந்தங்களே, கொழிஞ்சாம்பாறையில் என் பட்டறையில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பல் பிடித்துப் பார்த்தவர்

வேலந்தாவளம் சந்தையில் மாட்டு வியாபாரம் செய்யும் ஆறுச்சாமி அண்ணன் தன் அம்பாசடரோடு வந்தார். பின்னால் ஒரே புகை. மகள் கவிதா, பெண்ணழைப்புக்கு இந்தக் காரில்தான் மண்டபம் போவேன் என்று அடம் பிடிக்கிறாளாம். இருப்பதோ ஒரு மாதம்.

எஞ்சினைப் பிரித்துக் காட்டி, "இதை மறுபடி கட்ட நாளாகுமுங்கண்ணா. கம்பெனி எஞ்சினே பெட்டியோட கோயமுத்தூர்ல கிடைக்குது, மாத்திடலாமுங்க" என்றேன். மாட்டுக்குப் பல் பிடித்து வயது பார்ப்பதுபோல் அவர் சிலிண்டருக்குள் கையை விட்டுத் தடவினார், விரலை மோந்து பார்த்தார்.

"இது கெழடு இல்லீங்க தம்பி, இன்னும் ரெண்டு ஈத்து தாங்குமுங்க."

காதில் வில்லை

நானா கேட்பேன்? நாள் நெருங்கும் பயத்தில் புது எஞ்சினை வரவழைத்துவிட்டேன். பளபளவென்று இருந்தது, எனக்கே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அண்ணன் ஆர்.சி. புக்கும் கையுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. மாற்று எஞ்சின் அப்படித்தான் வரும், ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். மாட்டின் காதில் நம்பர் வில்லையைப் பார்த்தே பழகிய மனுஷர் மசியவில்லை.

"காதுல நம்பர் இல்லாத மாட்ட நான் கவுறு புடிக்கறதில்லீங்க."

நாற்பதுக்கு மேல் ஆகாது

புது எஞ்சினைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய எஞ்சினுக்கே சிலிண்டரைக் குடைந்து போரிங் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, பெண்ணழைப்பு நாள் காலையில்தான் முடித்தேன். அங்கேதான் வினை. புதிதாகக் கட்டிய எஞ்சினை ஆரம்பத்தில் விரட்டக்கூடாது. விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொண்டு வண்டி நடுவழியில் நின்றுவிடும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண் பொள்ளாச்சி மண்டபத்தில் இறங்கியாக வேண்டும். போட்டோ எடுத்தே மூன்றரை ஆக்கிவிட்டார்கள்!

யாரையும் நம்பாமல் நானே ஓட்டினேன். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தாண்டவில்லை. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட்கூட எங்களை முந்திப் போனது. முன்சீட்டில் அண்ணன் வாட்சைப் பார்த்துப் பார்த்து, "மிதிங்க தம்பி, மிதிங்க!" என்று துடித்தார். மிதித்தால் எஞ்சின் போகும், மிதிக்காவிட்டால் நல்ல நேரம் போகும். பின்சீட்டில் கவிதா நிதானமாகத் தலைப்பூவைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"மெதுவாவே போங்கண்ணா, நானு போகாம அங்க என்னத்த ஆரம்பிச்சறப் போறாங்க?"

நாலு இருபத்தெட்டுக்கு மண்டப வாசலில் நிறுத்தினேன். அன்றிலிருந்து எந்தப் பழைய கார் வந்தாலும், பானட்டைத் திறக்கும் முன்பே வீட்டில் கல்யாணம் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.