முதல் பாதியை மட்டும் படித்தவர்கள்

சொரியாசிஸ் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. அதனால் பழைய கட்டுரை ஒன்றுக்கு மேற்கோள்கள் திடீரென்று ஏறத் தொடங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. துறைத்தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பதவி உயர்வுக்கு உதவும் என்றார்.

அந்தக் கட்டுரையில் இருந்தது எளிய விஷயம். சொரியாசிஸ் வரவழைத்த எலிகளுக்கு, வேறு நோய்களுக்காகக் கடையில் விற்கும் ஒரு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தோம். தோலைத் தாக்கும் வெள்ளை அணுக்கள் அடங்கின, சிவப்பு மறைந்தது. மருந்தைச் சட்டென்று நிறுத்தியதும் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பியது. சில எலிகள் செத்தன. இந்த நோய்க்கு மனிதர்களிடம் முயலக் கூடாது என்று கடைசியில் எழுதியிருந்தோம்.

யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒருநாள் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் ஒருவர் 'சிவப்பு மறைந்தது' என்பதோடு நிறுத்தியிருந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருந்தார். அதற்கும் பிறகு வந்த ஒன்றில் எலி என்ற சொல்லே இல்லை. நோயாளிகளிடம் நல்ல பலன் தெரிந்ததாம். ஆதாரம், என் பெயர். மூவருக்கும், அந்தக் கடைசிக் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். ஒருவர்தான் பதில் போட்டார், இந்த ஒரு பிழையால் தன் கட்டுரையின் முடிவு மாறாது என்று. இதழ் பரிசீலிப்பதாகச் சொன்னது.

சேக்காட்டில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். கையில் சொரியாசிஸ் வந்து செதில் செதிலாக உதிர ஆரம்பித்ததும் தெருவில் மாவு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தொற்றாது என்று நான் சொல்லியும் பயனில்லை. நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் கோடையில் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கைகளை நீட்டினார்.

"டாக்டரம்மா, கை எப்டி கீது பாரு. ரயில்வே ஸ்டேஷனாண்ட ஒரு டாக்டரு புது மாத்திர குடுக்கறாரு."

உள்ளங்கை இளஞ்சிவப்பாக, வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பை நான் எலிகளின் முதுகில் பார்த்திருக்கிறேன். மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதே மருந்து.

சாயங்காலமே அக்காவையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போனேன். மரியாதையாகப் பேசினார். செல்போனில் ஒரு கட்டுரையைக் காட்டினார், எலி என்ற சொல்லே இல்லாத அதே கட்டுரை.

"இந்த ஆராய்ச்சியை இத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க மேடம். தப்பா இருக்குமா?"

"இதுக்கு ஆதாரம் நான் எழுதினது சார். அது எலிக்குக் கொடுத்தது. சட்டுன்னு நிறுத்தினதும் சில எலி செத்துப்போச்சு."

அவர் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தலாம் என்று சீட்டு எழுதினார். வேறு எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அக்காவின் கணவர் அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை செய்பவர். கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவர் மாத்திரைகளை எல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டார். எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவரே மேலே ஓடி வந்தார். அக்கா உடம்பு முழுக்கச் சிவந்து, தோல் தாள் தாளாக உரிந்து, அந்த வெயிலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"எலி செத்துச்சுன்னு நீதான சொன்ன மேடம். அதான் பயந்துகினு தூக்கிப் போட்டேன்," என்றார்.

ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பல வாரம் கிடந்து பிழைத்து வந்தார். அதற்குப் பிறகு அவர் மாவு அரைக்கவில்லை.

மற்ற நோயாளிகளைத் தேடி அந்தக் கிளினிக்குக்குப் போனேன். பூட்டியிருந்தது, போர்டையும் கழற்றியிருந்தார்கள். பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் அந்த மாத்திரையைப் பற்றி விசாரித்தேன்.

"அந்த டாக்டரு சீட்டோட இன்னும் கேட்டுகினு வர்றாங்க மேடம். ஸ்டாக் இல்லன்னு திருப்பி அனுப்பிடறேன்."

அவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டேன். ரயிலில் வருகிறவர்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை என்றார்.