ஏழு பானெட்டுகள்

திருவானைக்காவலில் ரோட்டோரம், அனுமதியில்லாத டாக்சி ஸ்டாண்ட் ஒன்று உண்டு. அங்கே மூத்த டிரைவர் ஒருவர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. போலீஸ் ஜீப் தெரிந்ததும் பானெட்டைத் திறந்துவிடுவார். மற்ற ஆறு பேரும் திறப்பார்கள். ஸ்டாண்ட் போட்டால்தானே குற்றம், ரிப்பேராகி நின்றால் குற்றமில்லையே என்பது அவர் கட்சி.

"ஏழு வண்டியும் ஒரே நேரத்துல ரிப்பேரா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாங்க ஒத்துமையா இருக்கோம் சார்."

ஜீப் போனதும் அந்த மூத்த டிரைவரின் காரிலேயே நான் திருவெள்ளறைக்குக் கிளம்பினேன். கொள்ளிடம் பாலத்தில் கார் நிஜமாகவே நின்றுவிட்டது. பழகிய கையால் பானெட்டைத் திறந்தவர், உள்ளே பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"என்னங்க ஆச்சு?"

"தெரியலைங்க. தினமும் திறக்கறேன், உள்ள பார்த்ததில்ல."