இறக்கக்கண்டியில் ஒரு கூறு மீன்

கலியாணமாகி இத்தனை வருடத்தில், எங்காவது போய்ச் சும்மா இருந்துவிட்டு வருவோம் என்று என் கணவர் ஒருநாளும் கேட்டதில்லை. துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டை வெள்ளைக்காரன் விட்டுப் போய், அவருடைய வேலையும் போன பிறகுதான் கேட்டார்.

"இறக்கக்கண்டிக் கடற்கரையில சிநேகிதன்ர வீடு சும்மா கிடக்கு. ரெண்டு பேரும் கொஞ்ச நாள் போய் இருப்பம், வாரும்."

ஏன் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முதல் கிழமை, சட்டைத் துணி கொடுக்கப் போன இடத்தில் தையற்காரர் வாயை விட்டிருந்தார். "அவருக்குக் கம்பளிக் கோட்டு தைக்கிறன் தங்கச்சி. உங்களுக்கும் ஒண்டு வேணுமோ? சீமையில சரியான குளிராம்."

திருகோணமலை வெயிலில் கம்பளிக் கோட்டு! சீமைக்குக் கப்பலேறப் போவதைச் சொல்லாமல், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்றுவிடுவார். அவர் வாயால் சொல்லாதவரைக்கும், என்னை விட்டுப் போகமாட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

இறக்கக்கண்டியில் காலையில் கடலோரம் நடந்தோம். மத்தியானம் பாயைப் போட்டுப் படுத்தோம். பின்னேரம் பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். கறியில் உப்பு ஒரு கல் கூடினாலும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர், குசினியில் குந்தியிருந்து எனக்குத் தேங்காய் துருவித் தந்தார். வாயைத் திறந்தாரென்றால், இதோ சொல்லப்போகிறார் என்று எழும்பிப் போய் இல்லாத வேலையைத் தேடினேன். கடலைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அவரைக் கொண்டுபோகப் போவது அதுதானே.

ஒரு நாள் காலை கரைவலை இழுத்தார்கள். ஆள் போதாதென்று கூப்பிட, நாங்களும் கயிற்றில் கைபோட்டோம். அப்படிக் கைகொடுத்தவர்களுக்குக் கூலி இல்லை, கறிக்கு மீன் உண்டு. அதுவும் ஆளுக்கல்ல, அடுப்புக்கு ஒரு கூறு. அண்ணனும் தம்பியும் ஒரே வளவில் இருந்தாலும், சமையல் வேறென்றால் கூறும் வேறு. மீனைப் பங்கிட்டுக்கொண்டு வந்த வலைக்காரப் பெரியவர் எல்லாரிடமும் கேட்டதைத்தான் எங்களிடமும் கேட்டார்.

"தம்பி, ஒரு அடுப்போ, ரெண்டு அடுப்போ?"

பகிடிக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என் கணவர். மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு ஒண்டுதான்."

பெரியவர் ஒரு கூறைத் தள்ளிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நான் மணலில் குந்திவிட்டேன்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றேன். "எனக்குக் கோட்டு வேண்டாம்."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஏலாது. ஒராளுக்குத்தான் இடம்."

"அப்ப நீங்களும் போகாதேங்கோ."

அவர் மீனைப் பொறுக்கி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிக்குள் போட்டார்.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். அழுகையில் உப்புப் போட்டதை மறந்து திரும்பவும் போட்டேன். பிறகு ஆத்திரத்தில், தெரிந்துகொண்டே இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன். கோப்பையைத் தள்ளட்டும், கத்தட்டும், பழைய மனிதராக ஒருதரம் சண்டை பிடிக்கட்டும். சண்டை பிடித்தால் போகமாட்டார் என்று என் புத்தி சொன்னது.

அவர் குனிந்த தலை நிமிராமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"நல்லாயிருக்கு," என்று கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.