ஹிருத்துக்குச் சொல்லக் கூடாத செய்தி

ஜெர்மனியில் படிப்பை முடித்துக்கொண்டு எங்கள் ஊரான டெப்ரெ மார்கோஸுக்குத் திரும்பியதிலிருந்து யெஷியால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காப்பிக்குக் கூப்பிட்டால் முதல் சுற்றிலேயே எழுந்துவிடுவாள். மூன்று சுற்றும் குடிக்காமல் எழுந்து போவது எங்கள் தெருவில் முகத்தில் அடித்த மாதிரி. அவளுக்கு அது உறைக்காது. கடைத்தெரு வரை விடுவிடுவென்று நடப்பாள், திரும்புவாள், மறுபடி நடப்பாள். எதிரே வருகிறவர்கள் பதறிப்போய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்பார்கள். "ஒண்ணுமில்ல, சும்மா நடக்கிறேன்" என்றால் யார் நம்புவார்கள்? சும்மா நடப்பதாவது, அதுவும் வெயிலில்.

போதாக்குறைக்கு வாய் வேறு. பக்கத்து வீட்டு ஃபந்தாயெ புதுத் திரைச்சீலை வாங்கி மாட்டி, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டாள். "கண்ணைக் குத்துது அத்தை" என்றாள் இவள். ஃபந்தாயெ நல்லவள், விழுந்து விழுந்து சிரித்தாள். யெஷியின் அம்மா எத்தெனெஷுக்குத்தான் மானம் போயிற்று.

"இதைத்தான் அங்க போய்ப் படிச்சியா? அழகா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் குடியா முழுகிடும்?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமா, சொல்லு. எல்லாரும் சொல்றதுதானே."

பொய் என்ற பேச்சே அந்த வீட்டில் ஆறாத புண். யெஷி படிக்கப் போயிருந்த சமயத்தில்தான் அவள் அப்பா இறந்தார். தெருவே கூடி அடக்கம் செய்தது. அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அது. தூரத்தில் தனியாக இருக்கிறவர்களிடம் சாவுச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டோம். ஊர் வந்து சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கி எழும் விடியற்காலையில் எல்லாருமாகப் போய்ச் சூழ்ந்து உட்கார்ந்துதான் சொல்வோம். விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமில்லையா? யெஷிக்கும் அப்படித்தான் சொன்னோம். அழுது ஓய்ந்தபின் அவள் போனை எடுத்துப் பழைய படங்களைத் தேடினாள். அப்பாவைப் புதைத்த வாரத்தில் அவள் பனியில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னைச் சிரிக்க விட்டுட்டீங்களே" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஃபந்தாயெயின் மகள் ஹிருத், யெஷி தங்கியிருந்த அதே விடுதியில் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். "உன் வீட்டுல எதுன்னாலும் நான் மறைக்க மாட்டேன்டி" என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள் யெஷி.

அந்தச் சத்தியத்துக்கு இவ்வளவு சீக்கிரம் வேளை வரும் என்று யார் கண்டது? மழைக்காலம் முடியும் சமயம், ஃபந்தாயெ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து தெருவில் போட்ட கூடாரத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, தெருச் சங்கத் தலைவர் முலாத் தொண்டையைக் கனைத்தார்.

"ஹிருத் பரீட்சை முடிச்சிட்டு வருவா. அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டா, அம்மா புனித நீராட மடத்துக்குப் போயிருக்கா, அங்க போன் எடுக்காதுன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் யெஷியைப் பார்த்தார். எல்லாருமே அவளைத்தான் பார்த்தோம்.

"எங்கப்பாவும் அப்ப மடத்துலதானே இருந்தாரு, பெரியப்பா?" என்றாள் யெஷி.

எத்தெனெஷ் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "நீ பாட்டுக்குச் சொல்லிட்டா அந்தப் பொண்ணு அங்க ஒத்தையில கெடந்து என்ன பண்ணும்? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்டி."

"சொல்லலைன்னா அவ என்னை மன்னிக்க மாட்டாம்மா. நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சியா?"

பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? எத்தெனெஷ் அவள் கையை விட்டுவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்கப்புறம் யெஷியின் நடை இன்னும் மோசமாயிற்று. ஹிருத் கூப்பிடக் கூப்பிட எடுக்காமல் நடந்தாள். போனை வீட்டில் போட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் திரும்பி ஓடிவந்து எடுத்துக்கொண்டு நடந்தாள். சொல்லிவிடுவாளோ என்று தெருவுக்குப் பயம். சொல்லாமல் இருந்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் காப்பிக்குக் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தபோது மறுபடி போன் மணி அடித்தது. யெஷி கொல்லைப்பக்கம் போய் எடுத்தாள்.

"எல்லாரும் மடம் மடம்னு ஒரே பாட்டைப் பாடுறாங்க. நீ சொல்லு யெஷி, எங்கம்மா எங்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக யெஷி ஒரு நல்ல பொய்யைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அம்மா போயிட்டாங்கடி. அடக்கமும் முடிஞ்சிருச்சு."

போனில் பெரிதாக ஒரு கேவல் வந்தது, வந்த வேகத்தில் அறுந்தது. சுவரில் யாரோ டொக் டொக்கென்று தட்டுவது கேட்டது.

"பக்கத்து ரூம்காரன் தட்டுறான்" என்றாள் ஹிருத், மூச்சுத் திணறத் திணற. "இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதுல்ல. இரு, துண்டை வாயில வெச்சுக்கிறேன்."

உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று யெஷி இருந்தாளே தவிர, அதைக் கேட்டவள் எங்கே உட்கார்ந்து அழுவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று கதறினாள். உள்ளே இருந்தவர்கள் வறுக்கிற சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எத்தெனெஷ் மகளையும் அவள் கையிலிருந்த போனையும் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா. வாய்விட்டு அழ முடியலையாம்மா அவளால. சுவத்தைத் தட்டுறாங்களாம்."

அடி விழும் என்றுதான் யெஷி குனிந்தாள். எத்தெனெஷ் பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கினாள்.

"ஹிருத், கண்ணு, எத்தெனெஷ் அத்தை பேசுறேன். நீ துண்டை எடுக்காத. சத்தத்தை நாங்க போடுறோம்."

மார்பில் அறைந்துகொண்டு ஃபந்தாயெயின் பெயரைச் சொல்லி அவள் ஒப்பாரி எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டுத் திட்டிக்கொண்டே வந்த முலாத்தும் தொப்பியைக் கழற்றிவிட்டு வேலியோரம் உட்கார்ந்து அழுதார். மூச்சு வாங்க எல்லாரும் கொஞ்சம் நிறுத்தியபோது, போனிலிருந்து அமுங்கிய குரல் ஒன்று வந்தது.

"நிறுத்தாதீங்க அத்தை. இன்னும் கொஞ்சம் சத்தமா அழுங்க."