ஐயா சொல்லிட்டாருங்க

வீட்டுக்காரம்மாவுக்கு இந்த ஒரு வருடமாக எதிரி என்று யாராவது இருந்தால், அது செத்துப்போன புருஷன்தான். மனுஷன் நல்லவர், யார் இல்லை என்றது? ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, ஒரு துண்டுத் தாளில்கூட எழுதிவைக்காமல் கண்ணை மூடிவிட்டாரே, அதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அவள் இருப்பது மாடியில். கீழே இரண்டு, மொட்டைமாடியில் ஒன்று என மூன்று குடித்தனம். மொட்டைமாடி அறையிலிருக்கும் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒரு நாள் சுவர் முழுக்கக் கத்தரிப்பூ கலரை அடித்துவைத்தான். என்னப்பா இது அநியாயம் என்றால், "ஐயாகிட்ட அப்பவே கேட்டுட்டேன் ஆன்ட்டி, உன் இஷ்டம்னுட்டாரு" என்கிறான். கீழே பின்கட்டில் இருக்கும் பஸ் டிரைவர் ஜன்னலை மறைத்துத் தகரக் கொட்டகை போட்டு, அதில் ஒரு நாயையும் கட்டினார். "ஐயா சொல்லிட்டாருங்க." நாய்க்குமா? "நாயைப் பார்த்துட்டுத்தாங்க சொன்னாரு." சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் ஐயா யாருக்கும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மாதான் ஆளைக் கூட்டிவர வேண்டும், அம்மாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். முழங்கால்தான் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு படி. ஏறி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இனிமேல் படியேறினால் நடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே கீழ் முன்கட்டு அவளுக்கு வேண்டும். அதில் பதினொரு வருடமாகத் தையல்காரி இருக்கிறாள். மூன்று மெஷின், வாசலில் போர்டு, தேடிவரும் வாடிக்கை. மாடிக்கு மாறிக்கொள்ளச் சொல்லியும் பார்த்தாயிற்று.

"மாடியேறி வந்து யாரும்மா துணி தைக்கக் குடுப்பாங்க?"

அதுவும் நியாயம்தான், என்ன செய்வது? மூன்று மாதமாகக் கேட்டாலும், "ஐயா வாக்குக் குடுத்திருக்காரும்மா" என்பதோடு சரி. போதாக்குறைக்குத் தம்பி வேறு போனில், "அக்கா, நீ ஒரு இளிச்சவாய். ரெண்டு அதட்டு அதட்டினா ஓடிருவா" என்கிறான். அவனுக்கென்ன, லிஃப்ட் வைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான்.

அன்று காலை உட்கார்ந்து உட்கார்ந்து படியிறங்கினாள். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்க்காமல் விடுவதில்லை. காஜா போட்டுக்கொண்டிருந்த தையல்காரி அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரவெல்லாம் வரலை. அவர் உன்கிட்ட என்னதான் சொன்னார்? ஒரு எழுத்து விடாமச் சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

தையல்காரி ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "என் வீட்டுக்காரன் என்னை விட்டுட்டு ஓடிப்போன வாரம்மா. ஐயா வந்தாரு. காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்காருன்னு நடுங்கிட்டு நின்னேன். 'நான் இருக்கிற வரைக்கும் உன்னை இங்கேருந்து யாரும் கிளப்ப முடியாது, தைரியமா இரு'ன்னாரு. அவ்வளவுதாம்மா."

அச்சு அசல் அவர் பேச்சு. பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று வீட்டுக்காரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் கூடவே இன்னொன்றும் காதில் விழுந்துவிட்டது. நான் இருக்கிற வரைக்கும். பொய்க்காரியாக இருந்தால் அந்த மூன்று வார்த்தையை இவள் விழுங்கியிருப்பாள்.

"அவர்தான் இப்போ இல்லையே" என்றாள் வீட்டுக்காரம்மா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இந்த ஒரு வருடத்தில் மற்றவர்கள்தான் அதைச் சொன்னார்கள். பேங்கில் கேட்டபோதுகூடத் தம்பியைத்தான் சொல்லவைத்தாள். தன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

தையல்காரிக்கும் கண் கலங்கிவிட்டது. "ஆமாம்மா, இல்லைதான். எப்போ காலி பண்ணட்டும்?"

மூன்று மாதமாகக் காத்திருந்த கேள்வி.

"அடுத்த மாசக் கடைசி" என்றாள் வீட்டுக்காரம்மா. முழங்கால் சொல்லவைத்தது. சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். காலி பண்ணப்போகிறவள்தான் எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.